தெற்குக் காலின் எடை

அன்புள்ள தம்பி,

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நம் வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள்: உன் அப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பக்கத்து வீட்டு சொல்தா அண்ணன், சேதராப்பட்டுப் பட்டறையிலிருந்து அலுமினியப் பட்டையைச் செய்து எடுத்து வந்த முருகையன், அப்புறம் உன் அம்மா நான். நீயும் இருந்தாய், கைப்பிடிச் சுவரின்மேல் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள். அன்றைக்கு நீ எதைப் பார்த்தாய், எதைப் பார்க்கவில்லை என்று இந்த ஒன்றரை மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன் இருந்த இடத்திலிருந்து டெலஸ்கோப் குழாயும் எங்கள் தோள்களும் தெரிந்திருக்கும். தரை தெரிந்திருக்காது. நான் எழுதப்போவது அந்தத் தரையைப் பற்றித்தான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். "அவன்கிட்ட போன்ல இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது" என்று உன் அப்பா என்னைப் பூஜை அறை வாசலில் நிறுத்தி, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சாமி முன்னால் சொன்னதை நான் மீறுகிறவள் இல்லை. போனில் பேசவில்லை. கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. முருகன் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டால் அதற்கும் சேர்த்து ஒரு சஷ்டி விரதம் இருந்துவிடுகிறேன்.

நீ பிரான்சுக்கு வேலைக்குப் போனபோது அந்த டெலஸ்கோப்பை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாய். கவை மாதிரி இரண்டு இரும்புக் கைகள், நடுவில் பன்னிரண்டு அங்குல வாயுள்ள குழாய். அதில் நானும் சனிக்கிரகத்தைப் பார்த்திருக்கிறேன். வளையத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், நீ சிரித்தாய். பார்ப்பதற்கு அந்தக் கவை போதும். நீண்ட நேரம் படம் பிடித்தால் ஓரத்து நட்சத்திரங்கள் வளைந்து கோடாகிவிடுகின்றன என்றும், குழாயைக் கவையிலிருந்து கழற்றி, துருவ நட்சத்திரத்தைப் பார்த்தபடி ஒரே அச்சில் சுழலும் தாங்கியில் மாட்ட வேண்டும் என்றும் நீ சொன்னாய். அங்கே உன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் அதைத் திருப்பிப் படம் எடுப்பேன் என்றாய். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனாலும் அந்தத் தாங்கியின் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு பதினெட்டு நாளில் முழுக்கப் படித்தேன். அதனால்தான் இவ்வளவும் எழுத முடிகிறது. படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்றும் தோன்றுகிறது.

அன்றைய வேலையைச் சொல்கிறேன். கவையிலிருந்து குழாயைப் பிடித்திருந்த எட்டுத் திருகுகளில் இரண்டு கடல்காற்றில் இறுகிப்போயிருந்தன. உன் அப்பா எண்ணெய் விட்டு, சூடு வைத்து, ஒரு கீறல் படாமல் எடுத்தார். மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த கை அது. தாங்கியில் மாட்டுவதற்காக முருகையன் கொண்டுவந்த பட்டையைக் குழாயின் முதுகில் பொருத்தும்போது, புதுத் திருகு நீளமாக இருந்தால் உள்ளே கண்ணாடியில் முட்டிவிடும் என்று ஒவ்வொன்றையும் அரத்தில் ராவி அளவு பார்த்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. சொல்தா அண்ணன் தன் வீட்டிலிருந்து ஆள் ஏறி நிற்கும் தராசைக் கொண்டுவந்தார், நான் நோட்டில் எழுதினேன். குழாய் பதினாறரைக் கிலோ. பட்டை ஒன்றேகால். மறுபக்கம் கம்பியில் மாட்டும் எடைக்கட்டிகள் மூன்று, ஆறு ஆறாகப் பதினெட்டு. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு அந்தத் தாங்கி உடனே புரிந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒத்துப்போனால் ஒரு விரலால் தள்ளலாம்.

"எழுதறதுதான் எழுதற, ஃபிட்டரையும் ஏத்தி எழுதிக்கம்மா" என்றார் சொல்தா அண்ணன்.

"நான் என்னா எடைக்கட்டியாண்ணே?"

"ஒங்கள மாட்டினா டெலஸ்கோப்பு குப்புற அடிச்சிக்கும், முசியே."

உன் அப்பா விளையாட்டாகத் தராசில் ஏறி நின்றார். அறுபத்து நான்கு. அதையும் எழுதி அடியில் கோடு போட்டேன். அந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்.

முக்காலியும் தாங்கியும் சென்னையில் ஒருவர் உபயோகித்தவை. நீ பணம் அனுப்பினாய். நேரில் போய்த் தொட்டுப் பார்த்து "நல்லா இருக்கு, வாங்கிடலாம்" என்று சொன்னவர் உன் அப்பா. நம் ஊரில் துருவ நட்சத்திரம் ரொம்பத் தாழ்வு, வடக்கே ஊர்ப் புகைக்குள் பன்னிரண்டு டிகிரியில் கிடக்கிறது. அந்தத் தாங்கியோ பதினெட்டுக்குக் கீழே இறங்காது, குளிர் நாட்டுக்காரர்களுக்குச் செய்தது. "முக்காலிய வடக்க சாய்ச்சிடுங்கப்பா. ஒரு கால் மட்டும் தெக்க இருக்கட்டும், இல்லன்னா எடைக்கம்பி கால்ல இடிக்கும். அந்தத் தெக்குக் கால நீட்டிட்டா சரியாயிடும்" என்று நீ போனுக்குள்ளிருந்து சொன்னாய். அப்பா காலை நீட்டித் திருகை இறுக்கினார். முதல் எடைக்கட்டியை மாட்டியதும் கால் சர்ரென்று உள்ளே இறங்கிவிட்டது. மறுபடி இறுக்கினார், மறுபடி இறங்கியது. திருகின் புரி தேய்ந்திருந்தது. வாங்கும்போது அவர் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றுதான்.

அவர் மெதுவாக நகர்ந்து, போனுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் பார்த்தேன்.

"தெக்குக் கால நீட்டியாச்சாப்பா?"

"ஆச்சுப்பா" என்றார் அவர். பிறகு என் பக்கம் குனிந்து, "ஏதாச்சும் கட்டை இருந்தா கொண்டா."

இங்கே என் தப்பு தொடங்குகிறது. மாடியிலேயே செங்கல் இருந்தது, சிமென்ட் கல் இருந்தது. நான் கீழே போய்ப் பரணிலிருந்து, நானும் அவரும் கல்யாணத்தில் உட்கார்ந்த இரண்டு மணைகளையும் எடுத்து வந்தேன். வானத்தைப் பார்க்கும் காரியம், மங்கலமான பொருள் அடியில் இருக்கட்டும் என்று பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஐந்து விரற்கடை, அவருக்கு வேண்டிய உயரம் அச்சாக வந்தது. கடவுளே காட்டினார் என்று நினைத்துக் குங்குமம் வைத்தேன். மணை வழவழப்பானது, வருஷா வருஷம் எண்ணெய் தடவி வைத்தவள் நானே. அதன்மேல் அந்தக் கனத்தை நிறுத்தினால் வழுக்கும் என்று தோன்றவில்லை.

முருகையன் மட்டும் சொன்னான். "அண்ணே, இது நிக்காது. தரையில ஒரு தூண் எழுப்பிடலாம், ரெண்டு நாள் வேல."

"பட்டை செஞ்சியே, அத்தோட ஒன் வேல முடிஞ்சிது. நான் மில்லு இஞ்சினையே தூக்கி நிறுத்தனவன்" என்றார் உன் அப்பா. முருகையன் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டான். சொல்தா அண்ணனும் அவரும் இரண்டு பக்கம் பிடித்து, "துசுமா, துசுமா" என்று 'மெல்ல' என்பதற்கு அண்ணன் பட்டாளத்தில் கற்ற பிரெஞ்சு வார்த்தையைச் சொல்லச் சொல்ல, குழாயை மெதுவாக ஏற்றினார்கள். உட்கார்ந்துவிட்டது. நீ அங்கே கைதட்டினாய்.

மறுநாள் நான் பென்சிலால் தெற்குக் காலைச் சுற்றி மணைமேல் ஒரு வட்டம் போட்டு வைத்தேன். எதையும் குறித்து வைக்கும் பழக்கம், வேறு காரணம் இல்லை. முதல் வாரம் கால் வட்டத்துக்குள் இருந்தது. இரண்டாம் வாரம் கோட்டைத் தொட்டது. நீ அங்கே பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இங்கே அத்தனை கனமும் சுழன்று நிற்கிறது, நிற்கும்போது ஒரு சின்னக் குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கால் ஒரு மயிரிழை வடக்கே போனது. அந்தத் தாங்கியின் தலை ஏற்கெனவே வடக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, முக்காலியையும் வடக்கே சாய்த்திருக்கிறோம். வடக்கே இரண்டடியில் கைப்பிடிச் சுவர், அது இடுப்புயரம்கூட இல்லை. அதற்கு அப்பால் நம் சந்து. "துருவம் வெலகுதுப்பா, படம் இழுக்குது" என்று நீ சொன்னாய். "பனிப்பா" என்று அவர் சொன்னார். பனி இல்லை.

பிறகு அவர் கொடிக்கயிற்றை அவிழ்த்து, அந்தக் காலை மணைகளோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். மணையில் கால் நிற்பது ஒரு ஓரம். மீதி இடத்தில் அவர் உட்கார்ந்தார். அன்றிலிருந்து, தம்பி, நீ படம் எடுக்கும் ஒவ்வொரு மாலையும் ஏழு மணியிலிருந்து நீ போதும் என்கிற வரைக்கும், உன் அப்பா அந்த மணையின்மேல் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார். நீ மாடியில் வைக்கச் சொன்ன சின்ன கேமராவில் குழாய் தெரியும். மணை தெரியாது, அதை அவர் முதலிலேயே பார்த்துவிட்டார். அசைந்தால் படம் கெடும் என்று தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கொசு கடித்தாலும் கை ஓங்குவதில்லை.

"ஒரு மணல் மூட்டையக் கட்டினா ஆவாதா?" என்று கேட்டேன்.

"மூட்டைக்கு என்னா தெரியும்? குழாய் சுத்தறப்ப எந்தப் பக்கம் அழுத்தணும்னு எனக்குத்தான் ஒடம்புல தெரியுது."

"அவன்கிட்ட சொல்லிட்டா தூண் கட்டச் சொல்வான் இல்ல?"

"என்னான்னு சொல்றது? ஃபிட்டர் திருகு பாக்காம வாங்கிட்டான்னா?"

அப்போதுதான் கற்பூரம் அணைக்கச் சொன்னார்.

இந்த வீட்டில் இப்படி மறைப்பதை ஆரம்பித்து வைத்தவள் நான். நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதிய சமயம் அப்பாவை ஆறு நாள் காணோம். சேதராப்பட்டில் புதுசாக வேலை, ராத்திரி ஷிப்ட், அங்கேயே தங்குகிறார் என்று உன்னிடம் சொன்னேன். அவர் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் உனக்கு இட்லி வைத்துக் கொடுத்து, நீ போனதும் அங்கே ஓடுவேன். உன் மார்க்கு நன்றாக வந்தது. நான் செய்தது சரியென்று அன்றைக்கு நினைத்தேன், ஊரில் நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன். உனக்கு ஒரு கஷ்டமும் தெரியக் கூடாது என்று அவர் இப்போது பிடிக்கும் பிடிவாதம் என்னிடமிருந்து போனது. நீயும் கேட்காமல் வளர்ந்தாய். கேட்க ஒன்றுமில்லை என்று நாங்கள்தானே உன்னை நம்ப வைத்தோம்.

சந்தில் நம் சுவருக்கு நேர் கீழே கன்னியம்மா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள், உனக்குத் தெரியுமே. எட்டு மணி வரைக்கும் அங்கேதான் நிற்பாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மாடியில பூனை மண்ணத் தள்ளுது கன்னியம்மா, துணி பாழாயிடும், எதிர்ப்பக்கம் போட்டுக்கயேன்" என்றேன்.

"இருவது வருசமா இங்கதான் நிக்கறேன், எந்தப் பூன வந்துதாம் இப்ப? எதிர்ல சாக்கட. பூனைய வேணா நீ எதிர்ல வெச்சுக்கக்கா" என்று சிரித்தாள். தினமும் ஏழு மணி ஆனதும் அவளுக்கு டீ போட்டு எதிர்வீட்டுப் படியில் வைத்துவிட்டு, அங்கே வந்து குடி என்று கூப்பிடுகிறேன். பத்து நிமிஷம் தள்ளி நிற்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில், நீ நெபுலா என்று சொல்லும் அந்தப் புகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். அது உச்சி தாண்டினால் குழாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழுசாகப் புரண்டு வர வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. நான் அவருக்கு மோர் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டது. குழாய் புரண்டது, எடைக்கம்பி கீழே ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் ஏறியது, நின்றபோது வழக்கமான குலுக்கல். அவர் உட்கார்ந்தபடி உட்கார்ந்திருந்தார். ஆனால் எதிர்வீட்டு விளக்கு வெளிச்சம் அவருக்கு அடியில் தெரிந்தது. மணைக்கும் தரைக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு, நீளமாக. அவர் உட்கார்ந்திருக்க, அவரையும் தூக்கிக்கொண்டு அந்தக் கால் மேலே எழுந்திருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "வா" என்றார், அவ்வளவுதான். மோரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. ஓடிப்போய் மணையின் மிச்ச இடத்தில் நானும் உட்கார்ந்தேன். மெல்லக் கீழே இறங்கியது. கீழே சந்தில் கன்னியம்மா இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, அசையாமல், ஒரு மணி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். கல்யாணத்தன்று உட்கார்ந்ததற்குப் பிறகு அந்த மணையில் சேர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கை கோத்திருந்தார். அவர் கை சில்லிட்டு இருந்தது. குழாயை அதன் இடத்தில் நிறுத்திவிட்டு நீ போன் செய்தாய். "இன்னிக்குப் படம் ரொம்ப நல்லா வந்திருக்குப்பா, ஒரு நட்சத்திரம்கூட இழுக்கல." "அப்பிடியா, ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றார். நானும் பக்கத்தில் இருந்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மறுநாள் காலை சொல்தா அண்ணன் வீட்டுத் தராசை வாங்கி வந்து அவரை ஏறச் சொன்னேன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை. ஐம்பத்தேழு. சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு ஐம்பத்தேழு. ஏழு கிலோ எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. பசி இல்லை என்கிறார், ராத்திரி இருமுகிறார். டாக்டர் மூன்று பரிசோதனைகள் எழுதிக் கொடுத்து இருபத்தைந்து நாள் ஆகிறது. "வானம் சுத்தமா இருக்கறது இந்த ரெண்டு மாசந்தான். அவனுக்கு நாப்பது மணி நேரம் சேரணும், இருவத்தாறு ஆயிடுச்சி. முடிச்சிட்டுப் போறேன்" என்கிறார். பரிசோதனைச் சீட்டு பூஜை அறையில் விபூதித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. தினமும் விளக்கேற்றும்போது பார்க்கிறேன்.

நேற்று நீ போனில், புதுக் கேமராவும் வழிகாட்டும் சின்னக் குழாயும் அனுப்பியிருக்கிறேன், அதற்கு ஈடாக இன்னொரு எடைக்கட்டியும் சேர்த்து வருகிறது, நான்கு கிலோ கூடும், தாங்கி தாங்கும் என்றாய். தாங்கி தாங்கும், கையேட்டில் அதன் அளவு இருக்கிறது. மணையில் இருப்பவருக்கு எந்தக் கையேட்டிலும் அளவு போடவில்லை. அங்கே ஏறிக்கொண்டே போகிறது, இங்கே குறைந்துகொண்டே வருகிறது. இரண்டையும் நான் ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தூரத்திலிருந்து எதையாவது நகர்த்தும்போது, அது சுலபமாக நகர்ந்தால், அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் கேள். ஆபீஸிலும் கேள், நாளைக்கு உனக்குக் குடும்பம் என்று ஒன்று வந்தால் அங்கேயும் கேள். "எல்லாம் சரியா இருக்கு" என்று பதில் வந்தால் இன்னொரு தரம் கேள். எங்களிடம் நீ இரண்டாம் தரம் கேட்டதில்லை. அது உன் குற்றம் என்று சொல்லவில்லை, அப்படித்தான் பழக்கினோம்.

முதலில் இந்தக் கடிதத்தின் கடைசியில், உனக்கு அங்கே வேலை அதிகம் என்று ஏதாவது காரணம் சொல்லிப் படம் எடுப்பதை நிறுத்திவிடு, முக்காலி விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மறுபடியும் அதே வேலையைத்தான் உனக்கும் சொல்லிக் கொடுக்கிறேன் என்று தெரிந்தது. அதனால் உள்ளதை அவரிடமே சொல். அம்மா எழுதினாள் என்று சொல். திருகு தேய்ந்திருந்தது தெரியும், பரவாயில்லை என்று சொல். கோபித்துக்கொள்வார், என்னிடம் பத்து நாள் பேசமாட்டார். பேசாமல் கீழே உட்கார்ந்திருக்கட்டும்.

தபாலில் போட்டால் நாள் ஆகும் என்பதால், ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி சொல்தா அண்ணனிடம் கொடுக்கிறேன். மணி நாலரை ஆகிறது. ஒரு மேகம் இல்லை. அவர் இப்போதே மாடிக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். டீ குடித்துக்கொண்டிருக்கிறார், டம்ளரில் பாதி அப்படியே இருக்கிறது. கன்னியம்மா வண்டி வந்துவிட்டது. ஏழு மணிக்கு நீ மோட்டாரைப் போடுவாய்.

இதைப் படித்ததும் எதையும் தொடாதே. அப்பாவுக்குப் போன் செய். பிறகு எனக்கு இரண்டு வரி பதில் எழுது, சீக்கிரம் எழுது.

அம்மா